உப்பாற்றங்கரைத் தோட்டம்

தோட்டம் போடுவது என்றால் நடுவதுதான் என்று நினைக்கிறோம். நடுவதைவிட வெட்டியும் சீவியும் உருவான தோட்டம் ஒன்று இலங்கையின் தென்மேற்குக் கரையில், பெந்தோட்டைக்கு அருகே இருக்கிறது. பெயர் லுனுகங்கா. சிங்களத்தில் உப்பாறு என்று பொருள். தெத்துவ ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மேட்டு நிலம் அது.

பின்னாளில் கட்டடக் கலைஞராகப் பெயர்பெற்ற ஜெஃப்ரி பாவா 1948இல் இதை வாங்கியபோது வழக்கறிஞராகத்தான் இருந்தார். இத்தாலியில் ஏரிக்கரை மாளிகை ஒன்றை வாங்க ஆசைப்பட்டு, கைகூடாமல் ஊர் திரும்பியவர். கிடைத்ததோ பழைய கறுவாத் தோட்டம். பிறகு றப்பர் நின்ற காணி. நினைத்ததை மண்ணில் கொண்டுவரத் தமக்குத் தொழிலறிவு போதாது என்று கண்டபின்தான் லண்டனில் கட்டடக்கலை படித்தார். 1957இல் தேறியபோது நாற்பதை நெருங்கியிருந்தார்.

வீட்டின் தெற்குப் பக்கம் நின்று பாருங்கள். புல்வெளி சரிந்து இறங்கி, எதிரே கறுவா மேட்டில் ஏறுகிறது. முன்பு அந்த மேடு ஏரியை மறைத்திருந்தது. பாவா அதன் தலையைச் சீவி, மரங்களையும் அகற்றினார். ஏரியும், அக்கரையில் கட்டக்குலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபமும் கண்ணுக்குள் வந்தன. நடுவே ஒரு மகிழ மரம், அதனடியில் ஒரு சாடி. அந்தச் சாடி இல்லாவிட்டால் பார்வை எங்கே தங்குவதென்று தெரியாமல் அலைந்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. வீட்டுக்கும் மேட்டுக்கும் இடையே ஊரார் நடமாடும் பாதை போகிறது. பாவா அதை மூடவுமில்லை, மதில் எழுப்பவுமில்லை, பள்ளத்துக்குள் மறைத்துவிட்டார். ஊரார் தம் பாட்டில் போகிறார்கள், புல்வெளியோ அறுபடாமல் ஓடுவதுபோல் தெரிகிறது.

பூப்பாத்தி தேடுகிறவர் ஏமாந்துபோவார். பச்சையும் நிழலும் நீரும்தான் அங்கே. அரலியா மரத்தின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவற்றைப் பக்கவாட்டில் பரவ வைத்தார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. தமிழ் அகராதி அதற்கு ஈழத்தலரி என்று பெயர் வைத்திருப்பது தனி வேடிக்கை.

காலைத் தேநீருக்கு ஓரிடம், மதியச் சாப்பாட்டுக்கு ஓரிடம், பொழுது சாயும்போது இன்னோரிடம் என்று வெயிலைப் பார்த்தே இருக்கைகளைப் போட்டார். பணியாளை அழைக்க ஆங்காங்கே மணிகள். ஓசையை வைத்தே ஐயா எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே ஒருவருடைய நாளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்றுதான் இதைச் சொல்வேன். குறையும் அதுவே. தள்ளுவண்டியில் பிள்ளையோடு வரும் தாய்க்கும், கைத்தடியோடு வரும் முதியவருக்கும் இந்தப் படிகளும் சரிவுகளும் எண்ணப்பட்டவை அல்ல. பொதுப் பூங்கா அமைப்போர் இதை அப்படியே பெயர்த்தெடுக்க முடியாது. ஆனால் வாசலில் பெரிய சாடி வைத்துவிட்டு, பாவா பாணி என்கிறார்களே சில விடுதிக்காரர்கள், அவர்களை என்ன சொல்வது? சாடி வைப்பதா கடினம்? அதை எங்கே வைப்பதென்று தெரியும்வரை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பதல்லவா கடினம்!

பாவா ஐம்பது ஆண்டு அப்படி உட்கார்ந்திருந்தார். 1998இல் பக்கவாதம் தாக்கி அவருடைய பேச்சு நின்றது. 2003இல் மறைந்தபோது, ஏரிக்காக அவர் தலை சீவிய அந்தக் கறுவா மேட்டில்தான் சிதை மூட்டினார்கள்.