யார் நடிப்பது?
(சங்கத்தின் ஒன்றுகூடலில் எமது வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் காலத்துக் கலைவிழா நாடகம் ஒன்றில் கால் ஊனமுற்ற தங்கை பாத்திரம் இருந்தது. எங்கள் வகுப்பிலேயே இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்ட தோழி ஒருத்தி இருந்தாள். நாடகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் பாத்திரத்தை வேறொருத்திக்குக் கொடுத்தோம். ஒத்திகையில் அவளைக் கூப்பிட்டு, "ஒருக்கா நடந்து காட்டடி" என்று கேட்டோம். அவளும் நடந்து காட்டினாள். அந்த நடையைப் பழகித்தான் பரிசு வாங்கினோம். அவள் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுத்தாள்.

2022இல் ஒஸ்கார் விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்களில் பலருக்கு அவளுடைய நினைவுதான் வந்தது. 'கோடா' படத்தில் தகப்பனாக நடித்த, செவிப்புலனற்ற ட்ரோய் கொட்சர் சிறந்த துணை நடிகர் விருதைப் பெற்றுச் சைகை மொழியில் பேசினார். சபையோர் கைதட்டாமல் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். இந்தப் படத்தின் மூலம் 2014இல் வந்த பிரெஞ்சுப் படம். அதில் தாய் தகப்பனாக நடித்தவர்கள் காது கேட்பவர்கள். 'கோடா'விலோ தாயாக நடித்தவர் மார்லி மட்லின். 1987இலேயே, 21 வயதில், சிறந்த நடிகைக்கான ஒஸ்காரை வென்ற செவிப்புலனற்றவர். தகப்பன் வேடத்துக்குக் காது கேட்கும் பிரபல நடிகரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அப்படியானால் தான் விலகிவிடுவதாகச் சொன்னவர் அவர்தான்.

நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே என்று கேட்பீர்கள். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர'வில் பார்வையற்ற தகப்பனாக ஜோ அபேவிக்ரம நடித்ததை மறக்க முடியுமா? முடியாது. அவர் நடித்தது பிழையென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பார்வையுள்ளவர் பார்வையற்றவராக நடிக்கலாம். பார்வையற்றவரை எந்த வேடத்துக்கும் கூப்பிடுவதில்லை. அந்த ஒருவழிப் பாதைதான் எங்களை உறுத்துகிறது. (திறமையானவர் கிடைக்கவில்லை என்பார்கள். எங்கள் தோழியை நாங்கள் கேட்டே பார்க்கவில்லை.)

நூற்றாண்டு நாடகத்துக்கு ஆள் தெரிவு தொடங்கப்போவதாக அறிகிறோம். இந்த மண்டபத்தின் மேடைக்கு ஏழு படிகள். பக்கத்தில் பிடிக்கக் கம்பிகூட இல்லை. தெரிவுக்கு முன்பே அங்கே ஒரு சாய்தளம் கட்டவேண்டும். அதற்கான செலவை எங்கள் வகுப்பு ஏற்கும்.