‘ஆமாங்க’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா?
(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பிரச்சினை பேசத்தான் கூடியிருக்கிறோம். அதற்கு முன் இன்னொரு விடயம்.

ஒவ்வொரு டிவிஷனிலும் நமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கும். வயது இருபதைத் தாண்டியும் காசு எண்ணத் தெரியாது. யார் கூப்பிட்டாலும் போகும், எதைக் கேட்டாலும் ‘ஆமாங்க’ என்று சொல்லும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் தினமும் பார்க்கிறோம். ‘விளங்கியதா?’ என்றாலும் ஆமாங்க, ‘விளங்கவில்லையா?’ என்றாலும் ஆமாங்க. அது பொய்யல்ல. அதட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளை, எதிரே நிற்பவரைச் சமாதானப்படுத்தக் கண்டுபிடித்த வழி. அதைப் ‘பைத்தியம்’ என்று கூப்பிட்டவர்களில் நாமும் உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இரண்டு உர மூட்டைகள் காணாமல் போயின. அப்படியொரு பையனைப் பொலிசார் கொண்டுபோனார்கள். தூக்கினாயா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றான். தூக்கியது உண்மைதான். தூக்கச் சொன்னது யார் என்று எவரும் கேட்கவில்லை. தாய் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, பையன் கைநாட்டு வைத்தான். பிறகு பதினான்கு நாள் விளக்கமறியல். சங்கத்துக்காரர்களான நாங்கள் போய்ச் சேர்ந்ததே மூன்றாம் நாள்தான்.

இதைவிடக் கொடுமையானது சிங்கப்பூரில் நடந்தது. 2009இல் மலேசியத் தமிழ் இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம், தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெரோயினுடன் பிடிபட்டார். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று மருத்துவ அறிக்கை சொன்னது. விளங்கித்தான் செய்தார் என்று நீதிமன்றம் முடிவெடுத்தது. 2022 ஏப்ரல் 27ஆம் திகதி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் சில பிடிகள் உண்டு. சாதாரண வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

ஆனால் ஆபத்து அதற்குப் பிறகுதான். ‘குற்றவாளியா, சுற்றவாளியா?’ என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். நம் பிள்ளை என்ன சொல்லும்? அதே ‘ஆமாங்க’தான். அது குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவானால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். விசாரணையே இராது.

அதனால் செய்தி கிடைத்தவுடன் யாராவது ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். கைக்காசு வீணாகும், அரைநாள் பேர் போகும் என்று பார்க்காதீர்கள். பெற்றோரோடு கிளினிக் கொப்பியும் பள்ளிக்கூடக் கடிதமும் போகட்டும். பாடசாலைக் கடிதத்துக்கு எங்களிடம் வாருங்கள், இராத்திரியானாலும் எழுதித் தருவோம். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அடித்தாலோ, பார்க்க விடாவிட்டாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பதில் சொல்லும் முன்பே, பிள்ளையை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும்படி சட்டத்தரணி மூலம் நீதவானிடம் கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். வழக்கு முடியவில்லை. அடுத்த தவணைக்குத் தாயோடு போக இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லுங்கள்.