தரையில் தெரியும் கோடு

(நமது அறக்கட்டளையின் மகளிர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே! சுத்தத்தின் சிறப்பைப் பற்றி எனக்கு முன்னால் ஆலிமா அவர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் வாளியையும் துணியையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவர் எப்போது தரை துடைத்தார் என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் கூடத்தை முறை வைத்துத் துடைத்தவர்கள் நாங்கள். இப்போதும் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை என் முறைதான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இதை வீட்டுக்குப் போய் உங்கள் கணவன்மாரிடமும் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் மருத்துவ உதவி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு நன்னிமா சுப்ஹு தொழுகைக்கு எழுந்து ஒளு செய்துவிட்டு முஸல்லாவை நோக்கி வந்திருக்கிறார்கள். நான்கு எட்டுத்தான். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்யவேண்டிய நிலை. விண்ணப்பம் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பது நம் வழக்கம், போனேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன். இங்கே சொல்லுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் இதைச் சொல்கிறேன்.

மருமகள் அழுதுகொண்டே சொன்னார்: "தினமும் இரண்டு வேளை துடைக்கிறேன் நானா. ராத்திரி படுக்கும்முன் கூட லிக்விட் ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் படுத்தேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் டைல்ஸ் மேல் வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தன. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, காய்ந்த தரையில் கொஞ்சம் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினேன். நுரை வந்தது.

சகோதரிகளே, அந்தக் கோடுதான் இன்று நான் பேசவந்தது. அது அழுக்குக் கோடு என்று நினைத்து மறுபடியும் லிக்விட் ஊற்றுகிறோம். பெரும்பாலும் அது நாம் ஊற்றிய சோப்புத்தான். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சோப்பு போகாது. தரை காய்ந்திருக்கும்போது அது கோடாகத் தெரியும். ஒளு செய்த ஈரக்கால் அதன்மேல் பட்டதும் சோப்பு மறுபடியும் சோப்பாகிவிடுகிறது. அதுவும் சுப்ஹு நேரம், அரை இருட்டு, தூக்கக் கலக்கம், முதிய கால்!

இன்று வீட்டுக்குப் போனதும் இந்த ஒரு டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். நுரை வந்தால் மூன்று நான்கு நாளைக்கு லிக்விடைத் தொடாதீர்கள். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் துடையுங்கள். முதல் நாள் வாளியே நுரைக்கும். நுரை நின்றபிறகு மறுபடி தொடங்கும்போது பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அரை வாளிக்கு ஒரு மூடி, அதற்குமேல் இல்லை. வாசனை வரும்வரை ஊற்றுவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோமே, அதை விட்டுவிடுங்கள். ஃபினாயிலும் அப்படித்தான், அதிகமானால் பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், மறுநாள் காலடித்தடம் கறுப்பாகத் தெரியும்.

இன்னொரு வகைக் கோடும் உண்டு. வெள்ளையாகப் படியும். அது நம் ஊர் போர் தண்ணீரின் வேலை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் தரையிலேயே காய்ந்தால் தண்ணீர் போகும், அவை தங்கும். வாளியின் உள்பக்கம் படிகிறதே, அதே படிவுதான். எறும்பு வராது, ஈ வராது என்று கல்லுப்பு வேறு போட்டுத் துடைக்கிறவர்கள் இருக்கிறீர்கள். போர் தண்ணீரில் இல்லாத உப்பா? குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் குடிதண்ணீரில் துடைக்கச் சொல்லும் அளவுக்கு நான் வசதியானவன் அல்ல. அதற்கு வேறு வழி, தரையில் தண்ணீரைக் காயவிடாமல் துணியால் எடுத்துவிடுவதுதான். துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, பின்னாலேயே ஒரு காய்ந்த துணியை ஓட்டிவிட வேண்டும். அதற்குப் பழைய கைலியைப்போல ஒன்று கிடையாது. பலமுறை துவைத்து மெலிந்த கைலி தண்ணீரை அப்படியே இழுத்துக்கொள்ளும். கஞ்சி விறைப்புப் போகாத புதுத் துணி இழுக்காது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

துடைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நன்றாகப் பெருக்க வேண்டும். பெருக்காமல் துடைத்தால் தூசி சேறாகிக் கோடு போடும். வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் லிக்விட் கலந்த தண்ணீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கி எடுத்தால் மூன்றாவது அறைக்குப் போகும்போது முதல் அறையின் அழுக்கைத்தான் அங்கே பூசுகிறோம். உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நடந்து வாருங்கள். மின்விசிறியைப் போடுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அந்த இரண்டாவது வாளியை வாங்கிக்கொடுங்கள். கொடுக்காமல், கோடு விழுகிறது என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்வது நியாயமில்லை.

தரை எது என்பதும் முக்கியம். கோடு போகவேண்டும் என்று எலுமிச்சையும் வினிகரும் ஊற்றச் சொல்கிறார்கள். டைல்ஸுக்குக் கொஞ்சமாகக் கலந்தால் பாதகமில்லை. ஆனால் மொசைக், மார்பிள், கடப்பா கல் மூன்றிலும் புளிப்புப் பட்டால் கல் அரிக்கும், பாலிஷ் போய்விடும். மொசைக் தரையில் ஆசிட் ஊற்றிவிட்டு வருந்தியவர்கள் நம் தெருவிலேயே உண்டு. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்; அதிலிருந்து கிளம்பும் வாயு மூச்சை அடைத்துவிடும்.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சிறுநீர் கழித்த இடத்தில் மாப்பை வைத்து இழுத்தால் கூடம் முழுக்க நஜீஸைப் பரப்புகிறோம். அந்த மாப்பை வாளியில் முக்கினால், நம் ஷாஃபி மத்ஹபின்படி இரண்டு குல்லத்துக்குக் குறைந்த அந்தத் தண்ணீரும் நஜீஸாகிவிடும். பிறகு அதில் எத்தனை லிக்விட் ஊற்றினாலும் மணக்குமே தவிர சுத்தமாகாது. அதற்கென்று வைத்திருக்கும் தனித் துணியால் முதலில் ஒற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தின்மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றி, அதன்பிறகு துடையுங்கள். கிராமத்து அரபி ஒருவர் பள்ளிவாசலில் சிறுநீர் கழித்தபோது, அவரைத் தடுக்கப்போன தோழர்களை நிறுத்தி, அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த மனிதரை அவர்கள் எவ்வளவு மென்மையாக நடத்தினார்கள் என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த வாளித் தண்ணீரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நோன்பு வரப்போகிறது. கஞ்சி சிந்தும், வடை எண்ணெய் சொட்டும். இரண்டையும் மாப்பால் இழுக்காமல், வெந்நீரில் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். மஃரிப் தொழுகை அவசரத்தில் ஈரத்தரையில் முஸல்லாவை விரிக்காதீர்கள், முஸல்லாவோடு சேர்ந்து வழுக்கும். வீட்டில் முதியவர் இருந்தால் இரவில் படுக்கும்முன் துடைப்பதை நிறுத்திவிட்டு லுஹருக்கு முன் துடையுங்கள். பகலில் தரை காய்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியும். ஒளு செய்யும் இடத்துக்கு வெளியே கால் துடைக்க ஒரு தடித்த மிதியடி, அடியில் ரப்பர் உள்ளதாகப் போடுங்கள்.

அந்த நன்னிமா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்கள், நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அந்த மருமகளும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவர்மீது யாரும் குறை சொல்லவேண்டாம். இரண்டு வேளை துடைத்தவர் அவர்.

ஒளு செய்யும் இடத்தில் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த வசதியில்லாத வீடுகள் இருந்தால், அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அஸருக்குப் பிறகு இஷா வரை அலுவலகம் திறந்திருக்கும். நோன்புக்கு முன் பொருத்தித்தர முயற்சி செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.