கண்ணிற் கயிலை காட்டிய கூத்தர்



சேரன் செங்குட்டுவன் வடநாடு சென்று மீண்டு வஞ்சியில் இருந்த ஒரு மாலைப்பொழுதில், பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் அவன் முன் கொட்டிச்சேதம் ஆடினான் என்று சிலப்பதிகாரத்து நடுகற்காதை கூறுகின்றது. உமையொருபாகனாகிய பெருமான் ஆடிய ஆடல் அது. ஆடுவோன் ஒருவனே. ஆயினும் அவன் உடம்பின் ஒரு பாதி வேகங்கொண்டு ஆட, அம்மைக்குரிய மறு பாதியில் அணிந்த அணி ஒன்றேனும் அசையவில்லையாம். எத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்தால் இது கைகூடும்!

இக்கூத்து சோழநாட்டிலும் வழங்கிற்று. சாக்கைக் கூத்தாடுவார்க்குக் காணி விட்ட செய்தியைக் காமரசவல்லித் திருக்கோயிற் கல்வெட்டு சொல்லுகின்றது. கல் இருக்கின்றது, கூத்து நம்மிடம் இல்லை. மலைநாட்டிலோ, சாக்கியார் என்னும் சில குடும்பங்கள் கோயிற் கூத்தம்பலங்களில் வழிவழியாக ஆடிவந்தமையால், அம்மரபு அறாது நின்றது. தனித்து ஆடினால் கூத்து என்றும், பலர் கூடி வடமொழி நாடகத்தை நடித்தால் கூடியாட்டம் என்றும் அங்கு வழங்குவர். அக்குடும்பங்களுள் ஒன்றிற் பிறந்த ஒருவரின் வரலாறே இன்று சொல்லப்புகுவது.

அவர் மாணி மாதவ சாக்கியார். மாணி என்பது குடும்பப் பெயர். கோழிக்கோட்டுப் பகுதியிற் பேராம்பிரைக்கு அருகே காரயாடு என்னும் சிற்றூரில் 1899-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். சாக்கியார் குடும்பங்கள் தாய்வழி உரிமையுடையன. ஆகவே பிள்ளைக்குக் கலை தந்தையிடமிருந்து வருவதில்லை; தாய்மாமனிடமிருந்தே வரும். மாதவருக்கும் பரமேசுவர சாக்கியார், நீலகண்ட சாக்கியார், நாராயண சாக்கியார் என்னும் அம்மான்மாரே ஆசிரியராயினர். வீடே பள்ளி, வீட்டு மூத்தோரே ஆசிரியர் என்றால் பிள்ளைக்கு எளிது என்று எண்ணுவோம். உண்மை அவ்வாறன்று. பள்ளிப் பிள்ளை மாலையில் ஆசிரியரை விட்டு வீடு திரும்புவான். கூத்தர் வீட்டுப் பிள்ளைக்குத் திரும்ப வேறு வீடு இல்லை.

கண் பயிற்சி ஒன்றைச் சொன்னாற் போதும். பொழுது புலருமுன் எழுந்து, கண்ணில் நெய் விட்டுக்கொண்டு, கருவிழியை மேலும் கீழும், பக்கங்களிலும், கோணங்களிலும், வட்டமாகவும் முதலில் மெல்லவும் பின்பு விரைந்தும் சுழற்றுதல் வேண்டும். இவ்வாறு நாள்தோறும், ஆண்டுக்கணக்கில்! இதனோடு வடமொழியும் நாட்டிய சாத்திரமும் நியாயமும் பெரும்புலவர்பாற் கற்றார். கூத்தாடிக்குத் தருக்கம் எதற்கு என்று வினவுவோர் உளர். புராணக் கதையை அவையில் விரித்துரைக்கும் சாக்கியார் எவரையும் எள்ளலாம். அரசனே அமர்ந்திருப்பினும் எழுந்து மறுத்தல் கூடாது என்பது மரபு. அத்தகைய உரிமை பெற்ற நாவுக்குக் கல்வி வேண்டாவோ?

கூத்தம்பலத்தின் மேடை சந்நிதியை நோக்கியது. மேடை விளக்கில் மூன்று திரிகள். இரண்டு நடிப்பவன் பக்கம் எரியும், ஒன்று அவைப்பக்கம் எரியும். இறைவன் காண ஆடுவதே கூத்து. மக்கள் உடனிருந்து காண்கின்றனர். பின்னே நம்பியார் மிழாவு முழக்குவார். குடம் போன்ற அச்செப்பு முழவைப் பிரமசாரியாகவே கருதி அதற்கு உபநயனமும் செய்வர். பழுதுற்றுப் பயன்படாது போனால் உரிய கிரியைகளோடு அடக்கம் செய்வர்.

திருஞானசம்பந்தர் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணன் கயிலையை எடுத்த வரலாற்றை வைத்தார். ஓதுவார் வாயிலாக நாம் செவியாற் கேட்கும் அதனைச் சாக்கியார் கண்ணாற் காட்டினார். புட்பக விமானத்தில் வரும் இராவணனை மலை தடுக்கின்றது. அவன் அதனை அடியிலிருந்து முடிவரை பார்க்கின்றான். மேடையிலோ மலை இல்லை, திரை இல்லை, பாட்டும் இல்லை. மிழாவின் ஒலியும் இரு விழிகளுமே உள்ளன. அவ்விழிகள் சிறிது சிறிதாக உயர உயர, மலை வளர்ந்துகொண்டே போவதைக் கண்டவர் வியந்துரைத்தனர். உடனே அவரே பார்வதியாவார். பெருமான் சடையிற் கங்கையைக் கண்டு ஊடுவார். மலை குலுங்க, ஊடல் மறந்து அஞ்சித் தழுவுவார். இராவணனும் அவரே, அம்மையும் அவரே, ஐயனும் அவரே. பறையூர்ச் சாக்கையன் நினைவுக்கு வருகின்றான் அல்லனோ?

இத்தகைய கலையைக் காணும் பேறோ பிறப்பினாற் சிலர்க்கே உரியதாயிருந்தது. கோயிலுள் நுழையாதார் கூத்தம்பலத்தையும் காணார். கோயில்களின் வருவாய் குன்றக் குன்ற, ஆடுவோரும் அருகினர். இந்நிலையில் மாதவ சாக்கியார் ஒரு துணிவு கொண்டார். 1949-இல் வானொலியிற் கூத்து நிகழ்த்தினார். 1955-இல் தாம் வாழ்ந்த கிள்ளிக்குறிச்சிமங்கலத்திற் கோயிலுக்குப் புறம்பே கூடியாட்டம் நடத்தினார். சுற்றத்தார் கொதித்தனர். வைக்கத்தில் ஆடிவந்தபின் அவரைக் குலத்தினின்று விலக்கவும் எண்ணினர். எவர் பழக்கினாரோ, எவர் மடியிற் கலை கற்றாரோ, அக்குலமே வெறுக்கும் செயலைச் செய்தல் எளிதன்று. சுற்றத்தார் அச்சத்தையும் முற்றப் பழித்தல் தகாது. சந்நிதிக்குரியது சந்தைக்குப் போய்விடுமோ என்று அவர் கலங்கினர். ஆயினும் காண்பாரின்றிக் கலை மடியுமானால் சந்நிதிக்குத்தான் என்ன மிஞ்சும்? சாக்கியார் எண்ணியது அதுவே. வெளியே ஆடியபோதும் விளக்கையும் முறையையும் அவர் விடவில்லை.

1962-இல் டாக்டர் வே. இராகவன் அவர்களின் சம்ஸ்கிருத ரங்கம் அழைக்க, அவர் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து ஆடினார். கேரளத்துக்கு வெளியே நிகழ்ந்த முதற் கூடியாட்டம் அது. சாக்கைக் கூத்து இழந்த தமிழ்நாடு அதனை மீண்டும் கண்டது எனலாம். பின்னர்க் காசியும் தில்லியும் கண்டன. கதகளியிற் புகழ்பெற்ற கலாமண்டலம் கிருட்டிணன் நாயர் கண்ணபிநயம் கற்க இவரையே நாடினார். 1975-இல் தாம் கற்றனவெல்லாம் 'நாட்டியகல்பத்துருமம்' என்னும் நூலாக எழுதி வெளியிட்டார். வழிவழியாகக் குடும்பத்துள் அடங்கியிருந்தது எவரும் படிக்க ஏட்டில் ஏறியது. 1990 சனவரி 14 அன்று மறைந்தார். யுனெஸ்கோ நிறுவனம் கூடியாட்டத்தை மனிதகுலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது அதன்பின், 2001-இல்.

அவர் மைந்தர் பி. கே. நாராயணன் நம்பியார். சாக்கியாரின் மகன் எவ்வாறு நம்பியார் ஆனார் என்று வினவலாம். தாய் நங்கையார் குலத்தவர். ஆதலின் தாய்வழி மகனுக்கு வந்தது மேடையன்று, மிழாவு. அவரும் அதில் ஒப்பற்றவராகி 2008-இற் பத்மசிறீ பெற்றார். தந்தை விழியிற் கயிலை உயர்ந்த இரவுகளில், பின்னே அமர்ந்து முழவிசைத்தவர் அம்மகனே.