விலைச்சீட்டில் ஏறாத செலவு

பட்டம் பெறும் உயிர்மருத்துவப் பொறியியலாளர்களே, மலிவான கருவி என்றதும் வாங்கும் விலைதான் நம் நினைவுக்கு வருகிறது. 2022 ஏப்ரலில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் தட்டுப்பாடானது பெரிய இயந்திரமல்ல. மூச்சுத்திணறும் சிசுவின் தொண்டை வழியே செலுத்தும், 2.5 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய். அப்போது நாட்டில் இறக்குமதிக்கு டொலர் இருக்கவில்லை. பாவித்த குழாயை எறியாமல் தொற்றுநீக்கி வைக்கச் சொல்லவேண்டி வந்தது. வைத்தியர்கள் நன்கொடை கேட்டு வெளிப்படையாகவே எழுதினார்கள். நம் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலைகளில்தான் நடக்கின்றன. கட்டடமும் கைதேர்ந்த தாதியரும் நமக்கு உண்டு. இங்கே வளக்குறைவு என்பது, ஓயாமல் வாங்கவேண்டிய உதிரிகளுக்குப் பணம் இல்லாமற்போவது.

ஆகவே மலிவைக் கருவியின் ஆயுள் முழுவதற்கும் கணக்கிட வேண்டும். 16 நாடுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்து 2011இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 38 சதவீதம் இயங்காமல் கிடந்தன. இயங்குவதுபோல் தெரிபவையும் ஏமாற்றும். மஞ்சட்காமாலைக்கான பழைய நீலக் குழல்விளக்கு நாட்பட ஒளிவீரியம் இழக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அதே நீலம்தான், குழந்தையின் பிலிருபின் மட்டும் இறங்காது. சென்னை பீனிக்ஸ் நிறுவனம் தயாரித்த ‘பிரில்லியன்ஸ்’ கருவியில் நீண்ட ஆயுளுள்ள எல்.ஈ.டி. விளக்குகளை வைத்ததன் அருமை இதுதான்: அடிக்கடி மாற்றும் உதிரிப்பாகமே ஒழிந்தது.

உதிரி வாங்குவதைக் குறைக்கப் பாகங்களை மீண்டும் பாவித்தால் கிருமி தொற்றாதா என்று கேட்பீர்கள். ஒருமுறைப் பாவனைக்கென வார்த்த பொருளைக் கழுவினால் தொற்றத்தான் செய்யும். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்படிப்பட்ட பொருளை முன்கூட்டியே இருப்பில் வைக்க வேண்டும். மற்றப் பாகங்களை, கொதிநீராவியைத் தாங்கும்படி முதல்நாளே வடிவமைக்கலாம். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனதியானது: தாயின் நெஞ்சுச்சூடு இருக்கக் கருவி எதற்கு? 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில், பிறந்த உடனேயே கங்காரு முறையில் அணைக்கப்பட்ட எடைகுறைந்த குழந்தைகளில் 12 சதவீதம் 28 நாட்களுக்குள் இறந்தன. வழமையான பராமரிப்பில் அது 15.7. மருந்தில்லாத ஒரு முறைக்கு இது பெரிய வெற்றி. ஆனால் அங்கும் மூச்சுதவி தேவைப்பட்ட குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது, தாயின் மார்பில் இருக்கையிலேயே. உங்கள் வடிவமைப்புக்கு அது ஒரு நிபந்தனையைத் தருகிறது: குழாயும் வயரும் தாயின் கதிரைவரை எட்டவேண்டும், அவள் அசைந்தாலும் கழலக்கூடாது. களுபோவில போதனா வைத்தியசாலைக்கோ வேறெதற்கோ விலைமனு எழுத நேர்ந்தால், ஐந்து வருட உதிரிச் செலவையும் அதே தாளில் கேளுங்கள்.