உள்ளங்காலையும் பாருங்கள்

கல்லீரலையும் நுரையீரலையும் பார்ப்பதற்குக் கருவிகள் வேண்டும். தோலைப் பார்ப்பதற்கு இரு கண்களும் நல்ல வெளிச்சமும் போதும். அப்படியிருந்தும், தோலில் தோன்றும் புற்றுநோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருவோர் நம் நாட்டில் பலர். நெடுநாள் மருத்துவத் தொழில் செய்தவன் என்ற முறையில் இந்த விந்தையைப் பற்றி மாணவ நேயர்களாகிய உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். மருத்துவன் என்ற பெருமையோடு பேசவில்லை. அது ஏன் என்பது பின்னால் விளங்கும்.

வெண்ணிறத் தோலினர் கடும் வெயிலில் வாழும் நாடு ஆஸ்திரேலியா. அங்கே மூவரில் இருவருக்கு எழுபது வயதிற்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1981-இல் அந்நாட்டில் ஒரு கடற்பறவைச் சித்திரம் தொலைக்காட்சியில் ஆடிப் பாடிற்று. சட்டை அணியுங்கள், வெயில் தடுக்கும் களிம்பு பூசுங்கள், தொப்பி வையுங்கள் என்பதே பாட்டின் பொருள். குழந்தைகள் அதைப் பாடிப் பாடியே பெற்றோரைத் திருத்தினார்கள். பெரிய அறிக்கைகள் செய்யாததை ஒரு பறவை செய்தது!

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. வடக்கேயுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 2003-04-இல் ஏறத்தாழ 3,60,000 பேருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைப் பரிசோதித்தார்கள். இலவசமாக அழைத்தும், தகுதியுடையோரில் ஐவருக்கு ஒருவர்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் ஐந்தாண்டுகளுக்குள் அம்மாநிலத்தில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயால் இறப்போர் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. உற்சாகமடைந்த ஜெர்மானியர், 35 வயது கடந்தோர் யாவருக்கும் ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்று 2008-இல் நாடெங்கும் திட்டம் வகுத்தனர். ஆனால் இறப்பு நாடெங்கும் அவ்வாறு குறையவில்லை. முன்பு குறைந்த மாநிலத்திலும் பழைய அளவிற்கே ஏறிவிட்டது. எல்லாரையும் இவ்வாறு பரிசோதிப்பதன் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்க வல்லுநர் குழுவும் 2023-இல் கூறிற்று. இதை உங்களிடம் மறைப்பது நேர்மையன்று. எனினும் அக்குழு பேசியது நோய்க்குறி ஒன்றுமில்லாதவரைப் பற்றி. மாறிவரும் ஒரு புள்ளியைக் கண்டவர் காலந்தாழ்த்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"நமக்குக் கறுப்புத் தோல், இந்தக் கவலை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கருநிறம் இயற்கை நமக்கு அளித்த குடை. நம்மிடையே மெலனோமா அரிது. ஆனால் வரும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ்த்தான் அது காணப்பட்டது. 1981-இல் தமது 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். வேறு வகைத் தோல் புற்றுநோய்களுக்கும் நம் நாட்டில் தனி வழிகள் உண்டு. காஷ்மீரத்தார் குளிருக்காக ஆடைக்குள் அணைத்துக்கொள்ளும் காங்ரி என்ற நெருப்புச்சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் நோய் தோன்றுவதுண்டு. வேட்டியை இறுகக் கட்டும் இடுப்புத் தழும்பில் தோன்றும் நோயைப் பம்பாயில் டாக்டர் கானோல்கர் 1945-இல் எடுத்துரைத்தார். இவையெல்லாம் உடை மறைக்கும் இடங்கள்.

இனி என் கதை. என் தமக்கையார் வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்து எங்களை வளர்த்தவர். ஒவ்வொரு தைப்பொங்கலன்றும் அவர் காலில் விழுந்து ஆசி பெறுவேன். கும்பிடுகிறவன் கண்ணுக்குக் காலின் மேற்புறந்தான் தெரியும். உள்ளங்கால் மண்ணுக்குத்தான் தெரியும். ஓராண்டு அவர் சற்று நொண்டி நடந்தார். கேட்டதற்கு, "ஆணிதானப்பா, முள் குத்தின இடம். நீ சாப்பிட வா" என்றார். மருத்துவனாகிய நானும் சாப்பிடப் போனேன். அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் அதை ஆணியென்றே சீவியெறிந்தார்கள். சீவியதைச் சோதனைக்கு அனுப்பவில்லை. மறு பொங்கலுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. அப்போதுதான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். கரியைத் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற கருந்திட்டு, நடுவே புண்.

இந்நோயின் போக்கைத் தடிப்பே பெரிதும் நிர்ணயிக்கிறது என்று 1970-இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க அறிஞர் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிப்பில் வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். என் தமக்கையாருக்கு அது நான்கு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. மேலும் இரண்டு பொங்கல்தான் அவர் கண்டார்.

எதைப் பார்க்க வேண்டும்? ஒரு பாதி மற்றப் பாதியைப்போல் இல்லாத புள்ளி, கரை சிதைந்தது, பல நிறம் கலந்தது, பென்சிலின் அடிப்பக்கத்தைவிடப் பெரியது. இவற்றினும் முக்கியம், மாறிக்கொண்டே வருவது. புதிதாகத் தோன்றி அகன்றுவரும் நகக் கருங்கோடும், வாரக்கணக்கில் ஆறாத புண்ணும் அப்படியே. எல்லா மச்சமும் நோயன்று. பிறவி மச்சத்தைக் கண்டு இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஐயமிருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள்.

குளித்து முடித்ததும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்காலுக்கு ஒரு கைக்கண்ணாடி உதவும். வீட்டில் பாட்டியிருந்தால் அவர் காலையும் பாருங்கள். கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். என் தமக்கையாரும் இழுத்துக்கொண்டார், நான் விட்டுவிட்டேன்.