சந்தேகம் ஒன்று, வினைச்சொல் இரண்டு

 

சாதனையைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுகிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் பம்பில் அதிர்வு கூடியிருந்தது. அவர்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்ததும் பேரிங் கெட்டிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். "ஐ டவுட் தட் த பேரிங் இஸ் டேமேஜ்டு" என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் பம்பை நிறுத்தவே இல்லை. ஒன்பதாம் நாள் பேரிங் இறுகி, ஷாஃப்ட்டும் போச்சு. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை.

"நான்தான் முன்னாடியே எழுதினேனே சார்!" என்று வாதாடினேன். மேலாளர் என் கடிதத்தை எடுத்து வைத்தார். "பேரிங் கெட்டிருக்கும்னு எனக்குத் தோணலைன்னு நீ எழுதியிருக்கே. நீ சொன்னபடிதான் ஓட்டியிருக்காங்க" என்றார். எனக்கு வாயே எழவில்லை.

கோளாறு எங்கே? "அவன் வருவது சந்தேகம்" என்றால் வரமாட்டான். "அவன்தான் எடுத்தான்னு சந்தேகம்" என்றால் எடுத்திருப்பான். தமிழில் ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு டவுட், இரண்டாவதுக்கு சஸ்பெக்ட். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் டவுட்டுக்கும் இந்த இரண்டு பொருளும் இருந்தன. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் உண்டு. ஆனால் இன்றைய தொழில்நுட்ப அறிக்கையில் அது செல்லாது.

மாணவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். சந்தேகம் என்கிற இடத்தில் "என்று நினைக்கிறேன்" பொருந்தினால் சஸ்பெக்ட். "என்று நினைக்கவில்லை" பொருந்தினால் டவுட். "சார், ஒரு டவுட்" என்று வகுப்பில் எழுந்து நிற்கிறீர்களே, அது கேள்வி. வெளிநாட்டாரிடம் கொஸ்டின் என்றே சொல்லுங்கள்.

எந்த வினைச்சொல் போட்டாலும், அடுத்த வரியில் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுங்கள். "பம்பை நிறுத்தி பேரிங்கைப் பாருங்கள்" என்று அன்றைக்கு ஒரு வரி சேர்த்திருந்தால், என் தப்பு ஆங்கிலத்தையும் தாண்டி அந்த ஷாஃப்ட் பிழைத்திருக்கும்.